கழுகுப் பாறையில் ரோஸ்விதா

பாறையின் உச்சிக்கு இன்னும் நாலெட்டு இருக்கும்போதே ரோஸ்விதா பைனாகுலரைக் கண்ணில் வைத்துவிடுவாள். மூச்சு வாங்குவது, முதுகுப்பையை இறக்குவது, வியர்வையைத் துடைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். பாறை விளிம்பின் இரும்புத் தடுப்புக் கம்பியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, மலையடியிலிருந்து சமவெளி வரைக்கும் கோடுகோடாக ஓடும் திராட்சைத் தோட்டங்களை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வருவாள், காலைப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவளைப்போல.

“கெர்பர் வீட்ல இன்னும் கொடி வெட்டல பாரு. மார்ச் வந்தாச்சு! மாப்பிள்ளை ஊர்லேர்ந்து வந்திருக்கான்ல, உக்காந்து குடிச்சிட்டிருப்பானுங்க.”

சற்று வலப்பக்கம் திரும்புவாள்.

“பேக்கரிக்காரி தோட்டத்துல யாரு அது, மஞ்சள் கோட்டு? ஓகோ... அப்ப அந்தப் பேச்சு நெசந்தான்.”

முதல்முறை ஏறி வந்தவர்கள் எல்லோரும் பார்ப்பது வேறு. ரைன் நதிச் சமவெளியின் நடுவில் ஸ்பையர் தேவாலயத்தின் கோபுரங்கள், அதற்கும் அப்பால் ஆற்றின் அக்கரையில் நீலமாகப் படுத்திருக்கும் மலைகள், ரோட்டோரம் ரோஜா நிறத்தில் பூத்த வாதுமை மரங்கள். செல்போனை நீட்டிப் படம் பிடித்தபடி, “அங்கே பாருங்கள்” என்று யாராவது காட்டினால் ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வரும். “கோயில் எங்க போயிடப் போகுது? என் பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து அங்கயேதான் நிக்குது. மனுஷங்கதான் வாரத்துக்கு வாரம் மாறுறாங்க.”

மலையடியில், அவள் ஊர்த் தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டு நாற்காலி போட்ட சிகை அலங்காரக் கடை அவளுடையது. அந்தப் பக்கத்து முடிதிருத்தும் கடைகளுக்கெல்லாம் திங்கட்கிழமைதான் விடுமுறை. ஆகவே மலையேற்றமும் திங்கட்கிழமைதான். அன்றைக்கு மலைக்குடில்கள் சாத்தியிருக்கும், சாப்பிட ஒன்றும் கிடைக்காது. அதனால் ரீஸ்லிங் ஒயினும் சோடாவும் அரை லிட்டர் கண்ணாடித் தம்ளரும் கடைத் துண்டில் சுற்றப்பட்டு அவள் முதுகில் வரும். கூட வருபவர்களில் தவறாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர் எகான். இன்னொருவர் மருந்துக்கடைக்காரரின் விதவை ஹெட்விக். மூன்றாவதாக ரோஸ்விதாவின் கணவன் ஆல்வினும் தவறாமல் வந்துகொண்டிருந்தவன்தான். பிப்ரவரியில் முழங்கால் வலி வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

ஏற்றத்தில் பேசக்கூடாது, மூச்சு போய்விடும் என்பார்கள். ரோஸ்விதாவின் சட்டம் நேர்மாறானது. “பேச முடியலன்னா வேகமா போறேன்னு அர்த்தம். பேசிக்கிட்டே வா.” ஆனால் மற்றவர்கள் பேச அவள் இடைவெளி விட்டதில்லை. வழிகாட்டிக் குறி மரத்தில் உரிந்திருந்தால் பையிலிருந்து தூரிகையை எடுத்து, கடையில் மிஞ்சிய முடிச்சாயத்தைப் பூசிவிடுவாள். செங்கோடாக இருக்க வேண்டிய குறி, அவள் கைபட்ட இடமெல்லாம் செம்பழுப்பாக மின்னும். “இந்த மரத்துக்குப் பத்து வயசு குறைஞ்சு போச்சு ரோஸி” என்பார் எகான். “உனக்கும் பூசிவிடவா? குறைக்க நெறைய இருக்கு” என்பாள்.

வாயை மூடி வைப்பது அவளால் ஆகாது. “சொன்னா கோவிச்சுக்குவாங்கதான். அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமா?” என்பது அவள் வாயில் ஒரு நாளைக்கு நாலைந்து முறை வரும் வாசகம். முடி வெட்ட உட்கார்ந்தவர்களிடம் மகனைப் பற்றி, மருமகளைப் பற்றி, மண்டையின் பின்பக்க வழுக்கையைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுவாள். கண்ணாடியில் அவர்கள் முகம் போகும் போக்கையும் பார்த்து ரசிப்பாள். ஆனாலும் கூட்டம் குறைந்ததில்லை. அடுத்தவர் மண்டையைப் பற்றியும் அங்கேதானே தெரிந்துகொள்ள முடியும்?

பாறையில் நின்று அவள் படிக்கும் பேப்பரில் ஒரு பத்தி மட்டும் எப்போதும் காரமாக இருக்கும். நேர் கீழே, பாதிரி மேடு என்று ஒரு செங்குத்துச் சரிவு. அது ஆல்வினின் அண்ணன் ஓட்மாருடைய தோட்டம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது. காரணம் சிறியது, ஆனால் மைக்கில் சொல்லப்பட்டது. ஊர் ஒயின் திருவிழாவில் மேடையில் நின்றிருந்த ஓட்மார், தம்பி புதிதாகப் போட்ட ரீஸ்லிங்கை ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்ல சரக்குதான். வீட்ல கடை இருக்கு, தலை கழுவ ஆகும்” என்றான். ஊரே சிரித்தது. ஆல்வினும் கொஞ்சம் சிரித்தான். ரோஸ்விதா சிரிக்கவில்லை. கணவனின் ஒயினையும் தன் தொழிலையும் ஒரே வாயில் நனைத்துவிட்டானே! அன்றிலிருந்து ஓட்மாரின் மனைவி முடிவெட்டப் பக்கத்து ஊருக்குப் போகிறாள். “அந்தக் கோலத்தைப் பாத்தா தெரியலையா, கத்திரிக்கோல் புடிச்சவ கண்ணை மூடிக்கிட்டு வெட்டியிருக்கா” என்பாள் ரோஸ்விதா, நடுத்தெருவில் நின்று.

இந்தக் குளிர்காலத்தில் ஓட்மாருக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை ஆயிற்று. மகன் கனடாவில். பாதிரி மேட்டில் கொடிகள் வெட்டாமல் முடி வளர்ந்த தலையைப்போல் கிடந்தன. பிப்ரவரியின் முதல் திங்கட்கிழமை ரோஸ்விதாவின் பைனாகுலர் அங்கே வந்து நின்றது.

“காடாட்டம் கெடக்கு பாரு. மைக்குல பேசுச்சே ஒரு வாய், அத வெச்சே வெட்டிக்கட்டும்!”

“அவனால நடக்க முடியலம்மா” என்றார் ஹெட்விக்.

“நானா ஒடைச்சேன்?”

எகான் சிரித்தார். தம்ளர் கைமாறியது. அப்போது ஆல்வினும் அங்கேதான் இருந்தான். பாறையில் உட்கார்ந்து ஈரல் சாஸேஜ் தடவிய ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான். அதற்கு அடுத்த வாரம்தான் அவனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

மூன்று வாரம் பாறையை மூடிய பனிக்குப் பிறகு, மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ரோஸ்விதா கம்பியில் முழங்கையை ஊன்றினாள். கெர்பர் தோட்டம், பேக்கரிக்காரி தோட்டம் எல்லாம் கடந்து பாதிரி மேட்டுக்கு வந்தாள். சிரிக்கத் தயாராக இருந்த வாய் அப்படியே நின்றது.

கொடிகள் வெட்டப்பட்டிருந்தன. ஒழுங்காக, கொடிக்கு ஒரு கிளை விட்டு, வரிசை வரிசையாக. மேல்வரிசையில் ஒரு மனிதன் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். தலையில் நீலக் கம்பளித் தொப்பி. தொப்பியின் குஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தக் குஞ்சத்தைத் தைத்தவளுக்குத் தெரியாதா அது ஏன் சாய்ந்தது என்று? கிறிஸ்துமஸுக்கு அவசரமாகப் பின்னி முடித்தது அவள்தான். முழங்கால் வலிக்காரன் சரிவில் ஆடுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். வரிசை முடிவில் மடக்கு நாற்காலியில் ஓட்மார் உட்கார்ந்து ஊன்றுகோலால் எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன ரோஸி, சத்தத்தைக் காணோம்? என்ன தெரியுது?” என்றார் எகான்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லையா?”

“மூடுபனி.”

எகான் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. ஹெட்விக்கைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து ரோஸ்விதாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். “சூடு இல்ல” என்று ஹெட்விக்கிடம் அறிவித்தார்.

இறங்கும்போது அவள் பேசவே இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. என்னிடமே நாடகமா? தினம் ராத்திரி அந்த நாற்றம் பிடித்த தைலத்தை நானே தேய்த்துவிட்டேனே! வீட்டுக்குப் போனதும் என்னென்ன கேட்பது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டு நடந்தாள். செஸ்நட் மரங்களுக்குள் பாதை திரும்பும் இடத்தில் அடுக்கியதெல்லாம் சரிந்தது. அவன் யாரிடம் மறைக்கிறான்? ஊரிடமா? பாதிரி மேடு ரோட்டைப் பார்த்த சரிவு. போகிற வருகிற டிராக்டர்காரன் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எகானுக்கும்கூடத் தெரிந்திருக்கலாம். ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவன், பாறையின் மூடுபனியை நம்பி, அவள் ஊரில் இல்லாத திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

பாறையில் அவள் ஓட்மாரைப் பற்றிச் சொன்ன வேடிக்கைகள் எத்தனை இருக்கும்! எல்லாவற்றுக்கும் எகான் சிரித்தார், வழிப்போக்கர்கள்கூடச் சிரித்தார்கள். ஆல்வின் சிரித்தானா என்று யோசித்துப் பார்த்தாள். ரொட்டி வெட்டும் கைதான் நினைவுக்கு வந்தது. குனிந்த தலை.

அன்று சாயங்காலம் சமையலறை நாற்காலியில் அவனை உட்கார்த்தி முடி வெட்டினாள்.

“முழங்கால் எப்படி இருக்கு?”

“பரவால்ல. நாள் பூரா உக்காந்தேதான இருந்தேன்.”

“போரடிச்சிருக்குமே?”

“ரேடியோ கேட்டேன்.”

காதுக்குப் பின்னால் சீப்பை விட்டபோது, முடிக்குள்ளிருந்து சுருண்ட ஒரு சிம்பு வந்தது. காய்ந்த திராட்சைக் கொடியின் பட்டை. ரோஸ்விதா அதை விரலில் எடுத்துப் பார்த்தாள். சொல்வதற்கு நாக்கு நுனியில் வந்து நின்றது அருமையான வாசகம் ஒன்று. ஊரே மூன்று மாதம் சொல்லிச் சிரிக்கக்கூடியது. சிம்பை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, “தலையை நேரா வை” என்றாள்.

அடுத்த ஞாயிறு இரவு மழை பெய்தது. திங்கள் காலையில் மலையடி முழுக்க ஈரம். வெட்டாமல் விட்ட கிளையை வளைத்து வரிசைக் கம்பியில் கட்ட அதைவிட நல்ல நாள் கிடையாது. காய்ந்த நாளில் வளைத்தால் கிளை படக்கென்று முறிந்துவிடும், ஈரத்தில்தான் சொன்னபடி கேட்கும். ஆல்வின் ஜன்னலில் நின்று கல்யாண மாப்பிள்ளையைப்போல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

“வலது கால்தான வலி?” என்றாள் ரோஸ்விதா.

அவன் குனிந்து தான் பிடித்திருப்பது இடது கால் என்று பார்த்தான். “இப்ப ரெண்டும் வலிக்குது.”

“அய்யோ பாவம்.”

மேஜைமேல் ஒரு பொட்டலம் வைத்தாள். ரொட்டி, சாஸேஜ், வெங்காயம் போட்ட வெண்பாலாடைக்கட்டி, அவித்த முட்டை நான்கு. “இவ்வளவு எதுக்கு? வீட்லதான உக்காந்திருக்கப் போறேன்” என்றான் ஆல்வின். “உக்காந்திருந்தா பசிக்காதா? சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாறையில் அன்றைக்கு உண்மையாகவே மூடுபனி. பத்து மணிக்குமேல்தான் கீழே தோட்டங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரோஸ்விதா பைனாகுலரை வெளியே எடுக்கவே இல்லை. எகான் தம்ளரை நிரப்பி நீட்டியபோது வேண்டாம் என்றாள்.

“எனக்குக் கீழ ஒரு வேலை இருக்கு. நீங்க மெதுவா வாங்க.”

“என்ன வேலை?” என்றார் ஹெட்விக்.

எகான் அவர் கையை மெல்ல அழுத்தினார். “போகட்டும்மா. அவ போற வழி எனக்குத் தெரியும்.”

“ஓ, உனக்கும் தெரியுமா?” என்று ரோஸ்விதா இடுப்பில் கைவைத்தாள்.

“முப்பது வருஷம் அந்த ரெண்டு வீட்டுக்கும் தபால் போட்டவன்டி நான்.”

செஸ்நட் காட்டுக்குள் செங்குத்தாக இறங்கும் குறுக்குப் பாதையில் அவள் அந்தப் பத்து வருடமாகக் கால் வைத்ததில்லை. ஈரச் சருகு வழுக்கியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தே சறுக்கினாள். பாதை முடிந்து வெளிச்சத்துக்கு வந்தால் பாதிரி மேட்டின் மேல்வரிசை. அவளை முதலில் பார்த்தவன் ஆல்வின். வளைத்துப் பிடித்த கிளை கையிலிருந்து விடுபட்டு விர்ரென்று நிமிர்ந்தது.

“ரோஸி... நான் வந்து... இங்க சும்மா...”

“முழங்கால் எப்படி இருக்கு?”

“இங்க வந்தா வலிக்கிறதில்ல” என்றான் ஆல்வின், உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியாமல்.

மடக்கு நாற்காலியில் ஓட்மார் நிமிர்ந்து உட்கார்ந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், இடுப்பு விடவில்லை. இளைத்துப்போயிருந்தான். மடிமேல் அந்தப் பொட்டலம் பிரித்துக் கிடந்தது. பாதி தின்ற முட்டை ஒரு கையில், கிளை கட்டும் சிறு கட்டுக் கம்பிகளின் கொத்து இன்னொரு கையில். அவள் வாயைத் திறக்கக் காத்திருப்பவன்போல் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

“முட்டைக்கு உப்பு பத்துதா?” என்றாள் ரோஸ்விதா.

ஓட்மார் தம்பியைப் பார்த்தான். தம்பி பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பத்துது” என்றான் ஓட்மார். விழுங்கிக்கொண்டு, “ரோஸ்விதா, அன்னைக்கு மைக்குல...” என்று ஆரம்பித்தான்.

“வரிசை கோணலா இருக்கு” என்று அவள் வெட்டினாள். “மேலேர்ந்து பாத்தா குடிகாரன் நடந்த மாதிரி தெரியுது. யார் நட்டது?”

“எங்கப்பா.”

“மாமாவா?” ஒரு கணம் யோசித்தாள். “அப்ப சரி. அவர் குடிப்பார்.”

ஓட்மார் சிரித்துவிட்டான். சிரிப்பு இடுப்பில் பிடித்து, “அய்யோ, அம்மா” என்று முனகினான். ஆல்வின் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். சிரிக்கலாமா கூடாதா என்று அவனுக்கு இன்னும் முடிவாகவில்லை.

ரோஸ்விதா முதுகுப்பையை இறக்கி வரிசைமுனைக் கம்பத்தில் மாட்டினாள். கையுறையைக் கழற்றினாள். ஆல்வின் கைநழுவவிட்ட கிளையைத் தேடிப் பிடித்து, அடியில் கட்டைவிரலைக் கொடுத்து, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் கம்பிமேல் கொண்டுவந்து அமுக்கிக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, ஒரு கட்டுக் கம்பிக்காக, இடது கையை விரித்து ஓட்மாரின் நாற்காலிப் பக்கம் நீட்டினாள்.