உப்பிட்ட முருங்கைச் சாறு

ஆய்வறிக்கையில் “சாறு கெட்டது” என்று மட்டுமே எழுதினேன். கெட்ட விதத்தை இங்கேனும் பதிவு செய்தாக வேண்டும்.

துத்தநாகக் கரைசலோடு சேர்த்து ஆக்சைடு நுண்துகள் எடுப்பதற்காக, மாசாய் ஊரிலுள்ள எங்கள் வீட்டில் முருங்கையிலையைக் கொதிக்க வைத்திருந்தேன். பூஞ்சை பிடித்த நாற்றுகளில் அத்துகளைத் தெளித்துப் பார்க்க, பாலோ ஊர்த் தோட்டத்தின் மேலாளர் அந்த வாரம் மட்டுமே இசைந்திருந்தார். நான் குளித்து வருவதற்குள் என் மனைவி அதில் உப்பும் மிளகும் இட்டு, அண்டை வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பிவிட்டாள்.

“ஆய்வுக்கு வைத்ததம்மா அது.”

“அடுப்புல கீரை கொதிச்சா சூப்புன்னுதானே நெனைப்பாங்க? சப்புன்னு இருந்துச்சு. அவங்க இன்னும் கேக்குறாங்க லா.”

உப்பு துகளைக் கெடுக்குமென்று எஞ்சியதைக் கொட்டினேன். மறுபடி தொடங்குவதற்குள் மேலாளர் கடை மருந்தைத் தெளித்துவிட்டார். உப்பால் கேடில்லையெனின், அறிந்தோர் என்னைத் திருத்துக. என் மனைவிக்கு மட்டும் தெரிவிக்க வேண்டா.