கடகடக்கும் கதவு

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து தாக்கிய அவசரகாலத்தில், கோலா சாவா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் துரைக்குக் கார் ஓட்டியவன் சூசைராஜ். குண்டு துளைக்காதிருக்கக் கதவுகளுக்குள் வைத்த இரும்புத் தகடுகள் செம்மண் ரோட்டில் கடகடவென்று ஆடின. துரை கத்தினார். சூசைராஜ் ரப்பர் ஷீட்டுகளை வெட்டி இடைவெளியெல்லாம் திணித்தான், சத்தம் அடங்கியது.

மறுநாள் அவன் காரில் தனியே போனபோது, காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று எஸ்டேட் கேட்டில் போலீஸ்காரர் கதவைத் தட்டிப் பார்த்தார். மூட்டையைத் தட்டியதுபோல் தொப்பென்றது.

"உள்ள அரிசிதானே?"

"ஐயோ, ரப்பருங்கய்யா! சத்தம் வரக்கூடாதுன்னு தொரதான்லா சொன்னாரு."

நம்பாமல் கதவைப் பிரித்து, ரப்பரையெல்லாம் உருவி ரோட்டில் எறிந்தார்கள்.

மாலையில் காரில் ஏறிய துரை, கடகட சத்தம் கேட்டு மறுபடி கத்தினார். அவரை இறக்கிவிட்டதும் சூசைராஜ் கதவை ஓர் உதை விட்டான்.

"நீ கத்தணுமா, வாய மூடணுமா? யாராச்சும் ஒரு ஆளு சொல்லித் தொலைங்களேன்!"