அக்காவின் சைக்கிளும் என் பனிமலையும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடப் படித்தவர்கள் குடும்பத்தில் பலர் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு ஊரைவிட்டு ஓடிய என்னை எழுதச் சொன்னவர் மாமா, அக்காவின் கணவர். “நான் எய்துனா உன்னத் திட்டித்தான் எய்துவேன். நீயே எய்து” என்றார். நியாயம்தான்.

அக்கா பிறந்தது பட்டாபிராமில். அப்பா சீக்கிரம் காலமானதால் பள்ளி முடிந்ததும் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் சைக்கிளில்தான் போய்வருவார். ரயிலுக்காகக் காத்து நிற்பது அவருக்குப் பிடிக்காது. ஆவடியில் மழைத்தண்ணீர் தேங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவாரே தவிர, விடுப்பு எடுக்கமாட்டார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அம்மாவின் கடைசிக்கால வைத்தியமும் அதில்தான் நடந்தது.

எனக்குச் சைக்கிள் பழக்கியவரும் அவரே. ராணுவ ரயில்பாதையை ஒட்டிய மண்சாலையில் கேரியரைப் பிடித்தபடி ஓடிவருவார்.

“மிதிடா! திரும்பிப் பாக்காத. நான் புட்ச்சிகினுதான் கீறேன்!”

குரல் தூரத்தில் கேட்கிறதே என்று திரும்பினால் விழுவேன். கையை எப்போதோ விட்டிருப்பார்.

“நான் உட்டதாலதான்டா இவ்ளோ தூரம் வந்த. எய்ந்திரு” என்று சிரிப்பார்.

ஓட்டத் தெரிந்தபின் நான் ஊரில் தங்கவில்லை. லாரியில் கிளீனர், புனேயில் ஓட்டல் வேலை என்று சுற்றி, கடைசியில் மணாலிக்கு மேலே பனிச்சரிவில் நின்றேன். சுற்றுலா வருகிறவர்களுக்குப் பனிச்சறுக்குப் பழக்குவது என் வேலையானது.

அக்காவும் மாமாவும் ஒருமுறை அங்கே வந்தார்கள். வாடகை அங்கிக்குள் சேலையைச் சுருட்டித் திணித்துக்கொண்டு அக்கா நின்றார்.

“இன்னாடி, அரிசி மூட்டையாட்டம் கீற?” என்றார் மாமா.

“நீ மட்டும் இன்னா, ஹீரோவா? உன் மூஞ்சப் பாரு, போண்டா கணக்கா.”

யார் வந்தாலும் சறுக்குப் பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து நிற்கத்தான் முதலில் பழக்குவேன். பனியில் அதுதான் பிரேக். அக்காவுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. இத்தனை வருடம் சைக்கிள் ஓட்டியவர்தானே என்று இருந்துவிட்டேன். அங்கியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கூடவே சறுக்கினேன்.

“உட்றாதடா!”

“புட்ச்சிகினுதான்க்கா கீறேன்!”

சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். அவர் பழக்கிய விதத்திலேயே அவருக்குப் பழக்கிக் காட்டும் ஆசை. வேகம் கூடியதும் அக்கா இரண்டு கைகளாலும் சறுக்கு ஊன்றுகோல்களை இறுக்கினார், சைக்கிள் பிரேக்கைப் பிடிப்பதுபோல. எதுவும் நிற்கவில்லை. முழங்கால் திருகி விழுந்தார்.

அதன்பிறகு அக்கா சைக்கிள் ஏறவில்லை. விசாரித்த உறவினர்களிடம், “மல வந்து இட்ச்சிட்ச்சி” என்று சிரித்தார். வேலைக்குக் கூட்டமான ரயிலில் தொங்கிக்கொண்டு போனார். நான் மலைக்கே திரும்பிப் போனேன்.

சென்ற ஆண்டு படுக்கையில் விழுந்தார். உடனே வரும்படி மாமா சொன்னார். பனிக்காலம், வந்திருந்த சுற்றுலாக் கூட்டத்துக்குப் பழக்கி முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தேன். மறுநாள் அக்காவே போனில் பேசினார்.

“எங்கடா கீற?”

“ரயில்லக்கா. வந்துகினே கீறேன்.”

அப்போது என் காலில் சறுக்குப் பலகை இருந்தது.

அக்கா பிறந்தது முதல் ரயிலடியில் வாழ்ந்தவர்.

“இன்னாடா ரயிலு, சத்தமே காணோம்?” என்றார். பிறகு, “சரி, வா. திரும்பிப் பாக்காத.”

அன்று மாலையே கிளம்பினேன். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இந்த ஆண்டு மலைக்குப் போகவில்லை. அக்காவின் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது.

இரவும் பகலும் கூடவே இருந்த மாமாவுக்கும், தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்த பக்கத்து வீட்டம்மாவுக்கும், முறைவைத்து வந்து பார்த்துக்கொண்ட தொழிற்சாலைத் தோழியருக்கும், இறுதிவரை தோள்கொடுத்த அனைவருக்கும் என் நன்றி. நீங்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.