ஒரு ரஷ்யத் தோட்டாவும் என் தம்பியும்

நான் வசிக்கும் ஒஹையோ சிற்றூரில் பறவைத் தீனி விற்கும் கடையிலேயே துப்பாக்கித் தோட்டாவும் கிடைக்கும். ஒரு அலமாரியில் சூரியகாந்தி விதை மூட்டை, அடுத்த அலமாரியில் தோட்டாப் பெட்டி. இரண்டையும் கொண்டுபோய் வைத்தால், கல்லாவில் நிற்கும் பெண் "பை வேண்டுமா?" என்று மட்டும் கேட்பாள். உத்திரமேரூர் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்து, நர்ஸ் வேலைக்காக இங்கே வந்தவள் நான். அவள் வேறு ஏதோ கேட்கப்போகிறாள் என்று ஆரம்பத்தில் நின்றுகொண்டே இருப்பேன். பின்னால் நிற்பவர் தொண்டையைச் செருமுவார்.

நான் பழைய ரஷ்ய ராணுவத் துப்பாக்கிகள் சேர்க்கிறேன். மொசின் நகான்ட் என்று பெயர். போருக்காக ஏராளமாகச் செய்து, போர் முடிந்ததும் கெட்டியான கிரீஸைத் தடவிக் கிடங்குகளில் அடுக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கு மரப்பெட்டி மரப்பெட்டியாக வந்து இறங்கின. இப்போது வரத்து நின்றுவிட்டது. வைத்திருப்பவர் விற்றால்தான் உண்டு. முதல் துப்பாக்கியை ஒரு சந்தையில் வாங்கினேன். விற்றவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "உங்கள் கணவர் வரவில்லையா?" என்றார். "அவர் வீட்டில் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறார்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "சாம்பாரா! அது பெரிய மான் ஆயிற்றே, இந்தியாவில் அதைச் சுட விடுகிறார்களா?" என்று கேட்டார். இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

ஏன் துப்பாக்கி என்று இங்குள்ள தமிழர்கள் கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி இறங்கினால் அதைத் தோளில் சுமந்துபோவது எங்கள் அப்பா, நைனா. சுடும்போது முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். பன்றி விழுந்தால் அதைச் சுமப்பதும் நைனாதான். ஒருநாள் கூடவே போயிருந்த நான், சுவரில் சாய்த்து வைத்திருந்த அதன் கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அந்த வீட்டம்மா பார்த்துவிட்டார். ஈரத்துணி எடுத்துவந்து நான் தொட்ட இடத்தைத் துடைத்தார். இப்போது என் கேரேஜில் உட்கார்ந்து பழைய கிரீஸை வழித்தெடுத்து, குழலின் அடியில் இருக்கும் நட்சத்திர முத்திரை தெரிய ஆரம்பிக்கும்போது, என் கைரேகை அந்த இரும்பு முழுக்க இருக்கும். அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

தம்பி தேவா புதிதாக வீடு கட்டி ஜெபம் வைத்திருந்தான். அதற்காக ஊருக்குப் போயிருந்தேன். அவன் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவன். ஆந்திரா வரைக்கும் போவான். நான் கொண்டுவந்திருந்த பையைத் தூக்கிப் பார்த்து, "யக்கா, இந்தப் பைய எனக்குக் குட்துடு, வேலைக்கு எட்துனு போறேன்" என்றான். சரி என்றேன். மத்தியானம் பையைக் கவிழ்த்து உதறியவன், கிழிந்த உள்துணிக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தான்.

"இன்னாக்கா இது, லிப்ஸ்டிக்கா?"

விரல் நீளம். பச்சை அரக்குப் பூசிய இரும்புக்கூடு, செம்பு நிற முனை. சுடும் இடத்துக்கு நான் கொண்டுபோகும் பைதான் அது. விமானத்தில் சரக்கோடு போட்டிருந்தேன். எத்தனை பரிசோதனையைத் தாண்டி வந்ததோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"தோட்டா" என்றேன்.

"வெத்து தானே?"

"இல்ல. வெடிக்கிறது."

தேவாவின் மனைவி ஜான்சி எழுந்துபோய்த் தெருக்கதவைத் தாழ் போட்டாள்.

தேவா ஏரியில் போட்டுவிடுகிறேன் என்றான். ஏரி வற்றிக் கிடந்தது. தோட்டத்தில் புதைக்கலாம் என்றான். நான் போன பிறகு யார் கையிலாவது கிடைத்தால் அவன்தானே பதில் சொல்ல வேண்டும்? துப்பாக்கியோடு நான் நிற்கும் படத்தை அவன் ஸ்டேட்டஸில் வைத்து ஊரே பார்த்திருக்கிறது. "நானே ஸ்டேஷனுக்குப் போய்க் குடுத்துட்டு வரேன்" என்றேன்.

"அமெரிக்கால அப்டிக் குட்துட்டு வருவ. இங்க எந்த வூட்ல கெடச்சுதுன்னு கேப்பாங்க. என் வூட்லன்னு சொல்லணும். தோட்டா கீதே, துப்பாக்கி எங்கடான்னு கேப்பாங்க. நான் எங்கருந்துக்கா எட்துக் குடுப்பேன்?"

பல வருடத்துக்கு முன் ஒரு பம்புசெட் மோட்டார் காணாமல் போனது. காலனிப் பையன்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், தேவாவையும்தான். மோட்டார் வேறு எங்கோ கிடைத்தது. அவன் வலது கட்டைவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து சட்டை மாட்டினான். "நீ மட்டும் போனா நான் ஓடிட்டன்னு ஆவும். வா."

ஒரு டிபன் டப்பாவில் துணி சுற்றி வைத்து எடுத்துப்போனோம். வழியெல்லாம் அதை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஸ்டேஷன் வாசலில் தேவா செருப்பைக் கழற்றிவிட்டான். அங்கே யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"உக்காருங்க மேடம்" என்றார் எஸ்.ஐ. சின்ன வயதுக்காரர். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டுச் சுவரோரம் நின்ற தேவாவைப் பார்த்தார். "நீ எந்த ஊரு? காலனியா? துப்பாக்கி எங்க இருக்கு?"

போனில் இருந்த படங்களைக் காட்டினேன்.

"லைசென்ஸ்?"

"எங்க ஊர்ல இதுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்க சார்."

"எங்க ஊர்னா?"

ஒஹையோ என்றேன். அவர் நம்பாமல் சிரித்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டார். காத்திருங்கள் என்றார். வெயில் சன்னலை விட்டு இறங்கியது. தேவா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபடியே இருந்தான்.

"தம்பிக்கும் ஒரு சேர் போடுங்க சார்."

"இருக்கட்டும் மேடம். நிப்பாரு."

நான் எழுந்து தேவா பக்கத்தில் போய் நின்றேன். பெரிதாக ஏதோ செய்துவிட்டது போல இருந்தது. அவன் உதடு அசையாமல் சொன்னான்: "உக்காருக்கா. நீ நின்னா கோவம் என் மேல தான் வரும்."

திரும்பிப்போய் உட்கார்ந்தேன். அந்த ஸ்டேஷனில் நான் செய்ததிலேயே கஷ்டமானது அதுதான்.

பொழுது சாயும்போது பேச்சு முடிந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், எழுதி வாங்கினார்கள், தோட்டாவை சீல் வைத்தார்கள். தெரியாமல் நடந்தது என்று மேலதிகாரி ஒத்துக்கொண்டாராம். நான் அமெரிக்கா திரும்பலாம். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் தேவா வந்து நிற்க வேண்டும். இதுவரை கூப்பிடவில்லை. அதன் பிறகு அவன் ஆந்திராவுக்கு அறுவடைக்குப் போகவில்லை.

பைக்கில் திரும்பும்போது ஏரிக்கரை மேல் கேட்டான்: "அங்க நீ சுட்டா, சத்தம் கேட்டு யாரும் வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க."

அப்போது பக்கத்துக் கொல்லையில் பன்றி விரட்ட யாரோ வேட்டுப் போட்டார்கள். தேவா பிரேக் அடித்தான். நான் சத்தம் வந்த கொல்லையைப் பார்த்தேன். அவன் ரோட்டைத்தான் பார்த்தான், ஜீப் வரக்கூடிய பக்கம். வெறும் வேட்டு என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் வண்டியை எடுக்க நேரமானது.

திரும்பி வந்த பின் துப்பாக்கிகளை விற்கவில்லை. போன வாரம்கூடச் சுடப்போனேன். மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மண்மேடு. அதுதான் சுடும் இடம். மொசின் தோளில் இடித்தது. குறி எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டியவள், துப்பாக்கியை இறக்கிவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பினேன். அடுத்த தோட்டாவுக்கும் அப்படியே. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "யாராவது வருகிறார்களா?" என்று அன்பாகக் கேட்டார்.

"என் தம்பி" என்றேன்.

அவர் தன் பெஞ்சில் இருந்ததை ஒதுக்கி, அவனுக்கும் இடம் செய்தார்.