சடுகுடுவுக்கு ஒரு லென்ஸ்

அருள்நாதன் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார். முகம் ஆட்டத்தைப் பார்த்திருக்க, கால்கள் மட்டும் எதிர்த்திசையில் போயின. போன பொங்கலுக்குப் பென்னாகரம் பள்ளி மைதானத்தில் சடுகுடு நடந்தது. அவர் கழுத்தில் காமிரா தொங்கியது. அதன் மூக்கில் அடியறுத்துக் கறுப்புச் சாயம் பூசிய முகப்பவுடர் டப்பா ஒன்று, லென்ஸ் வேஷத்தில். டப்பாவுக்குள் கண்ணாடி கிடையாது, காமிராவுக்குள் ஃபிலிமும் கிடையாது. ஆனாலும் பாடிப் போனவன் அவரைக் கண்டதும் பாட்டை நிறுத்தினான். பிடிக்க வந்தவர்கள் தலையைக் கோதிவிட்டுக்கொண்டார்கள். இரண்டு கட்சியும் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அவர் தண்ணீர்த் தொட்டி வரை போனார், நின்றார்கள். வேலி வரை போனார், அப்போதும் நின்றார்கள். வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, சைக்கிள் கடை வாசலுக்குப் போன பிறகுதான் ஒருவன் மூச்சை விட்டான். ஆட்டம் மறுபடி தொடங்கியது.

அருள்நாதன் அளந்து பார்க்க வந்த தூரம் அதுதான்; செருப்பால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். "இங்கிருந்து புடிக்கற லென்ஸு வேணும்" என்றார், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும்.

இதை எழுதுகிறவன் அவரை முதலில் பார்த்தது அதற்கு ஏழெட்டு வருடம் முன்னால். எங்கள் ஊரிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போக விண்ணப்பம் வாங்கியாயிற்று. அதில் ஒட்டப் படம் வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில், மாடியில், லூர்து ஸ்டுடியோ. அருள்நாதன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாலு கட்டளை போட்டார்: "ஆடாதீங்க. மூச்சப் புடிங்க. கண்ணு இங்க. கை தொடைல." அந்தப் படத்திலிருந்த பையனை உயிருள்ளவன் என்று நம்பிக் கல்லூரிக்காரர்கள் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது இன்றைக்கும் விளங்கவில்லை.

தாலுகாவே அந்த நாலு கட்டளையில் வளர்ந்ததுதான். கலியாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாவற்றிலும் ஜனங்கள் அப்படித்தான் நிற்பார்கள். சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருக்கிற அருள்நாதன் எதிர்ப்பட்டால்கூடச் சிலருக்குக் கை தானாகத் தொடைக்குப் போகும். பத்து வருடம் பாடுபட்டு அசையாமல் இருக்கப் பழக்கிய ஊரைத்தான் அவர் இப்போது அசைத்துப் படம் பிடிக்க ஆசைப்பட்டார்.

ஆசைக்குக் காரணம் சென்னையிலிருந்து வரும் ஒரு விளையாட்டு வாரப் பத்திரிகை. தருமபுரி தனி மாவட்டமான நாளிலிருந்து அதற்குப் படம் அனுப்பி வந்தார். போனதெல்லாம் திரும்பி வந்தது. ஒரு முறை ரயிலேறி நேரிலேயே போய்க் கேட்டார். அங்கிருந்த ஆசிரியர் படங்களைப் புரட்டிவிட்டு, எல்லோரும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்காரச் சொன்னால் உட்காரக் காத்திருக்கிறார்களே, இதில் ஆட்டம் எங்கே என்று கேட்டாராம். ஆடுகிற படம் ஒன்று வரட்டும், மாவட்டத்தையே உங்களிடம் விட்டுவிடுகிறோம் என்றும் சொன்னாராம்.

இதற்கிடையில் அவருடைய மனைவி பாக்கியமேரியின் அண்ணன் மதலைமுத்து ஒரு வேலையோடு வந்து நின்றார். தருமபுரியில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் ஆள் தேவை. சாமியாரிடம் சொல்லி வைத்தாயிற்று. "மாப்ள, கலியாண சீசன் போனா ஸ்டுடியோல ஈ ஓட்டறீங்க. ஜூன்ல போயி ஆபீஸ்ல உக்காருங்க. ஃபேனுக்கு அடியில வேல" என்றார். ஜூனுக்குள் பத்திரிகையில் ஒரு படம் வராவிட்டால் ஸ்டுடியோவைப் பூட்டிச் சாவியை மச்சான் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னார் அருள்நாதன். பாக்கியமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

ஆக, லென்ஸ் வாங்க பெங்களூர் போனார். சிக்பேட்டைப் பக்கம் பழைய காமிராச் சாமான் விற்கும் கடை. கடைக்காரர் மேசைமேல் இரண்டை வைத்தார். ஒன்று நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர். கையடக்கமான குட்டை, வெளிச்சத்தை வாரி வாங்கும். மற்றது முந்நூறு, தூரத்தை அருகே இழுக்கும், சுரைக்காய் நீளம், ஸ்டாண்ட் இல்லாமல் பிடித்தால் கை நடுங்கும், வெளிச்சம் இறங்கினால் கண் தெரியாது. கடைக்காரர் கன்னடம் கலந்த தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்வாமி, நீங்க தூரத்துக்கு வாங்கறீங்களா, வெளிச்சத்துக்கு வாங்கறீங்களா?"

சடுகுடு வெயில் தாழ்ந்த பிறகு ஆடுவது. வெளிச்சத்துக்குத்தான் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அருள்நாதன் முந்நூறை எடுத்துத் தெருவின் கோடியைப் பார்த்தார். அங்கே துணிக்கடை வாசலில் ஒரு மனிதர் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அந்தாளு நிக்கலீங்க. சொறியறாரு. நான் பாக்கப் பாக்கச் சொறியறாரு" என்று அருள்நாதன் இன்றைக்கும் அதை ஒரு தரிசனம் போலச் சொல்வார். முந்நூறையே வாங்கிக்கொண்டார். ஒத்துவரவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் தானாகவே சொன்னார். பார்த்தவுடனேயே ஆளை எடைபோட்டிருக்க வேண்டும்.

முதல் ஆட்டம் ஏரியூர்ப் பக்கத்தில், மாரியம்மன் பண்டிகை. அருள்நாதன் பஸ்ஸை விட்டு இறங்கி, மைதானத்துக்கே போகாமல், அப்பாலிருந்த ஏரிக்கரைமேல் ஏறினார். மூன்று கால் ஸ்டாண்டை நட்டார். அதன்மேல் நீண்ட குழாயை ஏற்றி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஆட்டக்காரர்கள் ஒருவரும் நிமிர்ந்து நிற்கவில்லை. பாடினார்கள், பாய்ந்தார்கள், உருண்டார்கள்.

பாட்டு மெல்ல நின்றது. குழாய்க்குள் ஆட்டக்காரர்களுக்குப் பதில் ஒரு தலைப்பாகை வந்தது. பிறகு பல தலைப்பாகைகள் வந்தன. குழாயிலிருந்து கண்ணை எடுத்தபோது பாதி ஊர் கரைமேல் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் வந்தவர் சென்றாயன், கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கிறவர்.

"எந்தப் பக்கமா ரோடு போவுதுங்க?"

ரோடு ஒன்றும் போகவில்லை என்றார் அருள்நாதன்.

"மறைக்காம சொல்லுங்க. எங்க கொல்ல நெலம் போவுதுங்களா, இல்லீங்களா?"

மூன்று கால், ஒரு குழாய், ஒற்றைக் கண் என்றால் அந்தப் பக்கத்தில் அது சர்வேக்காரர்தான். அவர் பார்த்த திசையில் நிலம் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அடுத்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அங்கே நிலம் இருந்தது. நான் போட்டோக்காரன், ஆட்டத்தைப் பிடிக்க வந்தேன் என்று மாதா சத்தியமாகச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

சென்றாயன் யோசித்தார். "போட்டோவுக்கா இவ்ளோ தூரம் வந்து நின்னீங்க? எங்களக் கேட்டா நிக்க மாட்டமா? கீழ வாங்க, நல்லா நிக்கறோம்."

நின்றார்கள். இரண்டு கட்சியும், நடுவரும், ஊர்ப் பெரியவர்களும் மூன்று வரிசை. முந்நூறில் பார்த்தால் நடு ஆளின் மீசை மட்டும் தெரிந்தது. எல்லோரையும் அடக்க அவர் ஏரிக்கரைக்கே திரும்ப வேண்டும். அவர் நகரத் தொடங்கியதும், எங்கே ஓடுகிறீர்கள் என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். குழாயைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, காமிராவோடு வந்த பழைய சின்ன லென்ஸை மாட்டினார். பழக்கதோஷத்தில் நாலு கட்டளையும் வாயில் வந்தது. ஊரே மூச்சைப் பிடித்தது. எடுத்தார்.

"ஆச்சுங்களா?" என்றார் சென்றாயன்.

"ஆச்சுங்க."

அவ்வளவுதான். ஒரு மனுசனுக்கு ஒரு போட்டோ, அது முடிந்தது. எல்லோரும் கலைந்து மைதானத்துக்குப் போனார்கள். ஆட்டம் தொடர்ந்தது. அருள்நாதன் கோட்டோரத்தில் மலைத்துப்போய் நின்றார். கையெட்டும் தூரத்தில் ஆளை ஆள் தூக்கி எறிந்தான். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போய் நின்றார். குனிந்தார். மண்ணில் உட்கார்ந்தார். "அந்தாண்ட தள்ளுங்க, கால்ல சிக்குவீங்க" என்று ஒருவன் சொன்னதோடு சரி. கலியாணம் முடிந்த பிறகு பந்தல்காரனை யார் பார்க்கிறார்கள்? அன்று பொழுது சாய்ந்துவிட்டதால் பிடித்ததெல்லாம் இருட்டாகத்தான் வந்தது. ஆனால் மறுநாளே அவர் பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் குட்டை லென்ஸைக் காகிதத்தில் சுற்றித் தயாராக வைத்திருந்தவர் போல எடுத்து நீட்டினார்.

சித்திரையில் பென்னாகரத்திலேயே பந்தயம். அருள்நாதன் ஆட்டத்துக்கு முன்னால் போய் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, எடுத்து, "ஆச்சுங்க" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு நடுக்கோட்டின் முனையில் குந்தினார். கடைசிப் பாட்டுக்குப் போனவன் தர்மன், மரக்கடையில் வேலை செய்கிறவன். நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள். ஒரு கால் ஒருவன் பிடியில், உடம்பு தரையைத் தொடாமல், வாய் பிளந்து பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்க, விரல் நுனி கோட்டைத் தாண்டியது. தூசியில் மாலை வெயில் பட்டுப் புகைபோல நின்றது. ஷட்டர் விழுந்தது.

மே மாதக் கடைசி இதழில் அந்தப் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. முதலில் ஸ்டுடியோப் படி ஏறி வந்தவன் தர்மன். கையில் பத்திரிகை, முகத்தில் கடுப்பு.

"எனக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்காங்கண்ணா. இதப் பாத்தா எவன் குடுப்பான்? பேயோட்டறாப்ல இருக்குது."

அருள்நாதன் அவனை நாற்காலியில் உட்காரவைத்துப் பவுடர் போட்டு, சட்டைப் பொத்தானை மாட்டி, அசையாத படம் ஒன்றைக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்துக்குப் பெண் கிடைத்தது.

ஜூன் பிறந்ததும் மதலைமுத்து வந்தார். பத்திரிகையைக் கையில் கொடுத்தார்கள். மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தன் மூஞ்சியும் நேரா இல்லியே மாப்ள. உங்க பேரு எங்க?" பேர் போடவில்லை. இதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது, ஒரு ஆளை அனுப்புகிறேன் என்று சாமியாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் மதலைமுத்து. அருள்நாதன் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். நீட்டவில்லை, வைத்துக்கொண்டு நின்றார்.

பாக்கியமேரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அண்ணா, அங்க வேல எழுதறதா, மணி அடிக்கறதா?"

"எழுதறதுதான்."

"எழுதறதுன்னா இவரு எதுக்கு? இவரு எட்டாவதுல நின்னவரு. நான் வர்றேன்."

அந்த வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் பாக்கியமேரி என்பது மதலைமுத்துவுக்குத் தெரியாததல்ல. பரீட்சைக்குச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனவரே அவர்தான். ஆனால் அது அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது போல நாற்காலியில் உட்கார்ந்தார். சாமியார் ஆள் என்றுதான் கேட்டார், ஆம்பிளை என்று கேட்கவில்லையே என்பதை இரண்டு முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இப்போது பாக்கியமேரி மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். அருள்நாதன் லூர்து ஸ்டுடியோவிலேயே இருக்கிறார். மாவட்டத்து ஆட்டங்களின் படம் அந்தப் பத்திரிகைக்கு அவரிடமிருந்து போகிறது, பேர் இல்லாமல். காலையில் தருமபுரி பஸ்ஸில் மனைவிக்கு இடம் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்குவார். பஸ் கிளம்பியதும் மற்றவர்களைப் போலக் கை காட்டுவதில்லை. உள்ளங்கையை வெயிலில் விரித்து, ரேகைகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்று ஒரு நிமிடம் பார்த்து அன்றைய வெளிச்சத்தைக் கணக்கிட்டுவிட்டு, மாடிப்படி ஏறுகிறார்.