பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவள்

பயணப் பெட்டிகளைக் கவிழ்த்துத் தட்டுவது ஓரஸ்டின் வேலை. குளியல் தொட்டிக்குள் பழைய விரிப்பு ஒன்றைப் போட்டு, பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து அதன் முதுகில் நாலு அறை அறைவான். பிறகு தூசி உறிஞ்சும் மெஷினின் மெல்லிய மூக்கைத் தையல் ஓரமெல்லாம் விட்டு இழுப்பான். இடுப்பு வலியோடு இதைச் செய்து முடிக்க அரை மணி நேரமாகும். நோரீன் குளியலறை வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"சைடு ஜிப்பு?"

"பாத்தாச்சு."

"உள்ள சின்ன ஜிப்பு ஒண்ணு இருக்கு பாரு."

"அதையும் பாத்தாச்சு. நோரீன், நாம தாத்தா பாட்டி ஆகப் போறோம். பேங்க் கொள்ளையடிக்கப் போகல."

"நீ பாட்டுக்குத் தட்டு. பேச்சு வேணாம்."

கனடாவில், இந்தக் கால்கரியில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பிப்ரவரியில் பூட்டிக் கிடக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அமெரிக்காவின் வெயிலுக்குப் போய்விடுவார்கள். இங்கே கஞ்சா சட்டப்படி கடையில் விற்கும் பொருளாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டதால், அதன் தூள்கூட ஒட்டிக்கொண்டு எல்லைக்குப் போகக் கூடாது என்று போவதற்கு முன் பெட்டியைத் தட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம்தான். நோரீன் அளவுக்கு யாரும் தட்டுவதில்லை. அவளுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது.

நோரீன் கோஸ்ட்யுக்குக்கு வயது அறுபத்து நாலு. இருபத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார முடியாமல் விமான நிலையத்தில் தொண்டராகச் சேர்ந்தாள். சிவப்பு மேல்சட்டை, தலையில் வெள்ளைக் கௌபாய்த் தொப்பி. செவ்வாய்க்கிழமைகளில், அமெரிக்க விமானங்களுக்குப் போகும் வழியில் நிற்பாள். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அஞ்சல் பெட்டி மாதிரி வாய் இருக்கும். உள்ளே போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. கையில் கஞ்சா வைத்திருப்பவர்கள் அதில் போட்டுவிட்டுப் போகலாம். யாரும் பெயர் கேட்க மாட்டார்கள்.

போகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சண்டை போடுவார்கள்.

"நான் கடையில வாங்கினதுங்க. பில்லு வெச்சிருக்கேன்."

"வாங்கினது தப்பில்ல தம்பி. எங்க போறீங்க?"

"சியாட்டில். அங்கயும் கடை இருக்கே!"

"அங்கயும் இருக்கு, இங்கயும் இருக்கு. நடுவுல இருக்கிற கோட்டுலதான் இல்ல. நம்ம நாட்டுக்குள்ளயே, வான்கூவர் போறதா இருந்தா நீங்க பாட்டுக்குப் பையில போட்டுட்டுப் போகலாம், முப்பது கிராம் வரைக்கும். சியாட்டில்னா பெட்டியில போடுங்க."

"இது என்னங்க நியாயம்?"

"நியாயம் வேற கவுண்டர். இது விமானக் கவுண்டர்."

கோடு என்று அவள் சொன்னது எல்லையை. அந்த எல்லை கால்கரி விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்பே, ஒரு கூடத்தில், அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தை அவர் ஆயுசுக்கும் கூட வரும். அண்ணனின் சாவுக்கு மினியாபோலிஸ் கிளம்பிய ஒரு கிழவரை நோரீன் பார்த்திருக்கிறாள். கையில் ஒன்றுமில்லை. "இதெல்லாம் பயன்படுத்துவீங்களா?" என்று அதிகாரி கேட்க, "தூக்கம் வரலன்னா எப்பவாவது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சாவுக்கும் போகவில்லை, அதற்குப் பிறகு எதற்கும் போகவில்லை.

அவளுடைய பயமெல்லாம் ஓரஸ்டைப் பற்றித்தான்.

ஓரஸ்ட் முப்பத்து மூன்று வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். வண்டியின் குலுக்கலில் முதுகு போனது. டாக்டர் சொன்னபடி தினமும் படுக்கும்போது நாக்குக்கு அடியில் நாலு சொட்டுக் கஞ்சா எண்ணெய். அது இருந்தால் நாலு மணி நேரம் தூங்குவான். அவனிடம் இருந்த இன்னொரு வியாதி, பொய் சொல்ல வராது. ஒரு விடியற்காலையில் வண்டி இடித்து யாரோ வீட்டு அஞ்சல் பெட்டி சாய்ந்துவிட்டது. பார்த்தவர் ஒருவருமில்லை. கதவைத் தட்டி, தூங்குகிறவரை எழுப்பி, "நான்தான் சாய்ச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். நோரீனின் அக்கா ஒரு கிறிஸ்துமஸுக்கு முட்டைக்கோஸ் உருண்டை செய்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். உப்பு கம்மி என்றான். இரண்டு வருஷம் அந்த வீட்டில் பேச்சில்லை.

"கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லாத" என்று நோரீன் அவனுக்கு ஒரு வாரமாகப் பாடம் நடத்தினாள்.

"கேட்டா?"

"கேட்டா... கேக்க மாட்டாங்க. கிழவனப் பாத்து யார் கேக்கப் போறா?"

"கேட்டா?"

"ஐயோ, பெட்டியத் தட்டுடா சாமி."

மகள் லரிஸா அமெரிக்காவில், ஃபீனிக்ஸில் இருக்கிறாள். இரண்டு முறை கரு தங்காமல் போனது. இது மூன்றாவது. புதன்கிழமை காலை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், சனிக்கிழமைக்கு முன்னால் வர வழியில்லை. "இந்தத் தடவ கண்ணு முழிக்கும்போது நம்ம ஆள் யாராவது பக்கத்துல இருக்கணும்மா" என்று அக்டோபரிலேயே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை மதிய விமானத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டிருந்தார்கள்.

திங்களன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. பக்கத்து வீட்டு டெல்பர்ட் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டான். வெயிலுக்குப் போகிறவர்கள் விமான நிலைய வாசலில் கனத்த கோட்டைக் கழற்றி, கொண்டுவந்து விட்டவரின் வண்டியிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடுவது இங்கே வழக்கம். திரும்பி வரும் நாளில் அவர் கோட்டோடு வந்து நிற்பார். நோரீன் கழற்றிப் பின் சீட்டில் எறிந்தாள். ஓரஸ்ட் கழற்றவில்லை.

"என்ன மாமா, அங்க இருபத்தஞ்சு டிகிரி. இதப் போட்டுட்டு இறங்குனா கரடி வந்திருச்சுன்னு சுட்டுருவாங்க" என்றான் டெல்பர்ட்.

"சீட்டுல முதுகுக்கு வெச்சுக்கறேன். மூணு மணி நேரம் உக்காரணுமே."

"அதுவும் சரி. அத்த, கரடியக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

சாம்பல் நிறப் பெட்டியைத் தாண்டும்போது நோரீன் அதை ஒரு தட்டுத் தட்டினாள். அன்றைக்கு அங்கே நின்ற தொண்டர், "இன்னிக்கு லீவா? போட எதுவும் இல்லையா?" என்று கிண்டல் செய்தார். "எங்க வீடு சுத்தம்" என்றாள்.

சாமான் சோதனையில் ஒன்றும் ஆகவில்லை. அங்கே கனடாக்காரர்கள் தேடுவது கத்தியையும் வெடியையும்தான். கோட்டு தட்டில் போனது, மறுபக்கம் வந்தது. அடுத்தது அமெரிக்கக் கூடம். வரிசை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கறுப்பு மோப்ப நாய் ஓரஸ்டின் கையில் தொங்கிய கோட்டை முகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி முகர்ந்தது. பிறகு மிகவும் ஒழுங்காக அவன் காலடியில் உட்கார்ந்தது.

"நல்ல நாய்" என்றான் ஓரஸ்ட்.

நாயைப் பிடித்திருந்தவர் சிரிக்கவில்லை.

ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள். அதிகாரி முப்பது வயதுக்கு மேல் இருக்காத பெண், சட்டையில் டெல்கார்டோ என்று பெயர். கையுறை மாட்டிக்கொண்டு கோட்டின் உள்பையிலிருந்து சின்னப் பழுப்புப் புட்டி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. இன்னும் திறக்காத புட்டி.

நோரீனுக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. வீட்டில் புட்டி தீரப் போகிறது, ஊரிலிருந்து வந்த அன்றே அவன் வலியோடு படுக்க வேண்டாம் என்று புதுப் புட்டி வாங்கக் கிளம்பினாள். கதவுக்குப் பக்கத்தில் கைக்கு முதலில் வந்தது அவன் கோட்டு. அதை மாட்டிக்கொண்டு போனாள். எண்ணெய் குளிரில் கட்டிவிடும் என்று கடையிலிருந்து வெளியே வந்ததும் புட்டியை உள்பையில், உடம்போடு ஒட்டி வைத்தாள். குளிர்காலத்தில் அவள் எல்லாவற்றையும் உள்பையில்தான் வைப்பாள். போன், கண்ணாடி, ஒருமுறை ஆறு முட்டை. வீட்டுக்குள் நுழையும்போது லரிஸா போனில் கூப்பிட்டாள். கால் வீங்குகிறது என்றாள். ஒரு மணி நேரம் பேசினார்கள். கோட்டு அதன் ஆணிக்குப் போனது, புட்டியும் கூடப் போனது.

"இது யாரோடது?" என்றாள் டெல்கார்டோ.

நோரீன் வாயைத் திறந்தாள்.

"என்னோடது" என்றான் ஓரஸ்ட். "நான்தான் வெச்சேன்."

நோரீன் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு சார் உள்பையில வெச்சீங்க? யாரும் பாக்கக் கூடாதுன்னா?"

"குளிர்ல கட்டிடும்னு. முப்பத்தொண்ணுல எண்ணெய் கல்லு மாதிரி ஆயிடும்மா. வாங்கிட்டு வந்து, அப்படியே மறந்துட்டேன்."

"எப்போ வாங்கினீங்க?"

"சனிக்கிழம." அது சீட்டில் இருந்தது. அவன் இருந்த இடத்திலிருந்தே படித்திருந்தான்.

"நீங்க இத பயன்படுத்துவீங்களா?"

"தினமும். ராத்திரி நாலு சொட்டு. முதுகுக்கு."

அதுவாவது உண்மை. டெல்கார்டோ எழுதினாள். பிறகு நோரீனின் பக்கம் திரும்பி, கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

"நீங்க வெளிய பெட்டிகிட்ட நிப்பீங்கல்ல? வெள்ளைத் தொப்பி?"

"ஆமா. செவ்வாய்க்கிழம."

"எல்லாருக்கும் சொல்றவங்க நீங்க."

"ஆமா."

"மேடம், இது அவரோட பையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வரிசையில் நின்றபோது தெரியாது. அது உண்மை. யார் வைத்தது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே என்று ஒரு வாரமாகப் பாடம் நடத்தியவள் அவள்தான். சொன்னால் இரண்டு பேரும் டெல்பர்ட்டின் வண்டிக்காக வாசலில் நிற்க வேண்டும். லரிஸா கண் விழிக்கும்போது பக்கத்தில் நர்ஸ் இருப்பாள்.

"தெரியாது" என்றாள் நோரீன். பிறகு, "அது அவரோட கோட்டு" என்றாள்.

டெல்கார்டோ இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் இருபது நிமிஷம் கழித்து வந்தாள். மேடம் போகலாம். சாருக்கு இன்றைக்கு அனுமதி இல்லை. இனிமேல் வர வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், மாதக் கணக்கில் ஆகும், கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. சொல்லும்போது குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. அவள் நீட்டிய காகிதத்தில் ஓரஸ்ட் கையெழுத்துப் போட்டான்.

"விமானத்துக்கு நாப்பது நிமிஷம் இருக்கு மேடம். நான் கூட வந்து எந்த வாசல்னு காட்டறேன்." அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓரஸ்ட் தன் கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய கசகசா ரொட்டியை வெளியே எடுத்தான். லரிஸா கேட்டிருந்தது. அதை நோரீனின் பையில் துணிகளுக்கு நடுவில் நசுங்காமல் வைத்தான்.

"இது தடையில்லையே?" என்று அதிகாரியைக் கேட்டான்.

"ரொட்டி பரவால்ல சார்."

"அடுப்பு மேல சூப்பு இருக்கு" என்றாள் நோரீன். "இல்ல, ஃபிரிட்ஜுல. ரெண்டாவது தட்டுல."

"பாத்துக்கறேன்."

"டெல்பர்ட்டுக்கு போன் பண்ணு. வெளிய நிக்காத. உள்ளயே நில்லு."

"கோட்டு இருக்கே" என்றான். "நல்லவேள கழட்டல."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தானோ என்னவோ. டெல்கார்டோ கடிகாரத்தைப் பார்த்தாள். நோரீன் எழுந்து தன் பையின் பெரிய ஜிப்பை இழுத்தாள். பிறகு சைடு ஜிப்பைத் திறந்து கையை விட்டுத் துழாவி மூடினாள். உள்ளே இருந்த சின்ன ஜிப்பையும் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

"நோரீன்" என்றான் ஓரஸ்ட். "கண்ணு முழிச்சதும் அவ மொதல்ல அப்பா எங்கன்னுதான் கேப்பா. லரிஸாகிட்ட என்னன்னு சொல்லுவ?"

நோரீன் பையைத் தோளில் மாட்டி, வாரைச் சரிசெய்துகொண்டு, திறந்திருந்த கதவு வழியாக வெளியே போனாள்.