புதிதாகவே இருந்த ஆறு பந்துகள்

ஊரில் எல்லாரும் அவரை ரெட்டைத் தையல் என்றுதான் சொல்வார்கள். பேருந்து, வேன், லாரி, எந்த வண்டி சீட்டுக்கு உறை தைத்தாலும், ஒரு வரிசை ஓட்டிய இடத்தில் இன்னொரு வரிசையும் ஓட்டாமல் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். "வண்டி போனாலும் சீட்டு போகாது" என்பார். அதில் பொய்யும் கிடையாது. மகளுக்கு மூன்றாம் வகுப்பில் தைத்துக் கொடுத்த புத்தகப் பை ஆறாம் வகுப்பிலும் கல்லு மாதிரி இருந்தது. தோழிகள் வருஷத்துக்கு ஒரு பை மாற்றினார்கள். இந்தப் பெண் மட்டும் அதே பழுப்புப் பையைச் சுமந்தாள். கிழிந்தால்தானே புதுசு கேட்க முடியும்?

அதனால், குடியிருப்புப் பிள்ளைகளின் கால்பந்துப் பயிற்சிக்குப் பந்து வாங்க வேண்டும் என்றதும், பயிற்சி கொடுக்கும் பெண்மணி நேராக அவர் பட்டறைக்கே வந்தார். பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

"அண்ணே, நம்ம மைதானம் பூரா சரளைக்கல்லு. போன தடவை வாங்கினது ரெண்டே மாசத்துல உரிஞ்சுபோச்சு. தையலும் ரெக்ஸினும் உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பாத்து எடுங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைக்குப் போய் அரைநாள் கடைக்காரரின் உயிரை வாங்கினார். ஒவ்வொரு பந்தின் தையலையும் இரண்டு கட்டைவிரலாலும் பிரித்துப் பார்த்தார், மேலுறையை நகத்தால் கீறினார், வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் இருப்பதிலேயே தடித்த உறையாக ஆறு எடுத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு அளவில் சிறிய நாலாம் நம்பர்தான் சரி என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"வளர்ற பிள்ளைங்கப்பா. அடுத்த வருஷமும் ஆட வேணாமா?" என்று பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் நம்பரையே கட்டச் சொன்னார். மகளின் பள்ளிச் சீருடையை எப்போதும் நாலு விரல் கூட விட்டுத் தைக்கிற மனிதர். அவரிடம் யார் மல்லுக்கட்டுவது?

அப்புறம், அங்கே ஆடப் போகும் மகளை அவ்வப்போது கேட்பார்: "பந்து எப்பிடிம்மா இருக்கு?"

"புதுசு மாதிரியே இருக்குப்பா" என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள். அவரோ பட்டறைக்கு வரும் டிரைவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தார். எட்டு மாதம், சரளை மைதானம், ஒரு கீறல் இல்லை. பேச்சு பரவி, பக்கத்துக் குடியிருப்பிலும் அவரையே பந்து வாங்கித் தரச் சொன்னார்கள். மாதிரிக்கு ஒன்றை எடுத்துப்போய்க் காட்டலாம் என்று ஒரு சாயங்காலம் வேலையைப் போட்டுவிட்டு, முதல்தடவையாக மைதானத்துக்குப் போனார்.

பதினைந்து பிள்ளைகளும் ஒரே பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். மேல்தோல் உரிந்து, தையல் வாயைப் பிளந்துகொண்டிருந்த பழைய பந்து. அவர் வாங்கிய ஆறும் வலைப்பையில் கம்பத்தில் தொங்கின.

"எதுக்குத் தங்கச்சி அதைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க? எடுத்து ஆடச் சொல்லுங்க" என்றார்.

வேன்காரப் பெண்மணி வலைப்பையின் முடிச்சைச் சரிசெய்யத் தொடங்கினார். வியர்வையைத் துடைத்தபடி மகள்தான் வந்தாள்.

"அது வலிக்குதுப்பா. ஒதைச்சா பாதம் விண்ணு விண்ணுங்குது. நெஞ்சுல வாங்கினா மூச்சே நின்னுடுது. சின்னப் பிள்ளைங்க பந்து வந்தாலே ஒதுங்கிடுறாங்க."

"இத்தனை நாள் ஏம்மா சொல்லல?"

"நீங்கதான் எல்லார்கிட்டயும் அவ்வளவு பெருமையா சொல்லிட்டிருந்தீங்களே."

அவர் செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு பந்தை உருட்டிவிட்டு ஓங்கி ஒரு உதை விட்டார். வலி முழங்கால்வரை ஏறியது. நொண்டிக்கொண்டே போய் மதில்மேல் உட்கார்ந்தார். டிரைவர் முதுகு நோகக்கூடாது என்று விரல் தடிமனுக்கு ஃபோம் வைத்துத் தைக்கிறவர், பெற்ற பெண்ணின் காலை நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல அவள் எட்டு மாதம் தயங்கியிருக்கிறாள் என்பது காலைவிட அதிகமாக வலித்தது.

பக்கத்துக் குடியிருப்புக்காரர்களிடம் தன் தேர்வு தப்பு என்று தன் வாயாலேயே சொன்னார். மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனார். இந்தத் தடவை தையலை அவர் பார்த்தார், பந்தைக் கடைக்குப் பின்னால் இருந்த சுவரில் அவள் உதைத்துப் பார்த்தாள். நாலாம் நம்பர், உறைக்கு அடியில் மெல்லிய ஃபோம் வைத்தது. ஐந்தாவதாக உதைத்த பந்தில் அவள் முகம் மலர்ந்தது.

"இதுப்பா."

அவர் கட்டைவிரலால் தையலை அழுத்தினார். சுமார்தான். "சரளையில ஆறு மாசம் தாங்கினா பெரிசு" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, ஆறு கட்டச் சொன்னார்.

ஐந்தே மாதத்தில் ஒரு நாள் பள்ளி விட்டதும் அவள் பட்டறைக்கு வந்து, மெஷின்மேல் ஒரு பந்தை வைத்தாள். உறை நூல் தெரியத் தேய்ந்திருந்தது, இரண்டு இடத்தில் தையல் விட்டிருந்தது.

"பிஞ்சிருச்சுப்பா" என்றாள், கொஞ்சம் பயந்துகொண்டே.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடேயப்பா, ஆடித் தீத்திருக்கீங்க" என்றபடி ஊசியில் நூலைக் கோத்தார். பிறகு அவள் தோளில் தொங்கிய பழுப்புப் பையைப் பார்த்தார்.

"அதையும் இறக்கி வை. நாளைக்குப் போயி உனக்குப் புடிச்சதா ஒண்ணு எடுத்துக்கோ."

"கடைப் பையா?" என்று கேட்டாள். அவளால் நம்ப முடியவில்லை.